இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

நாளொன்றை 60 நாழிகையாகவும், நாழிகையொன்றை 60 விநாழிகையாகவும் பகுத்தனர் நம் முன்னோர். 60 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 ஆகிய பன்னிரண்டு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. இவ்வாறு, தன்னிற் சிறிய எண்கள் எல்லாவற்றினும் மிகுதியான வகுத்திகளையுடைய எண்ணை ‘மிகுபகு எண்’ எனலாம்.

இவ்வெண்களின் இயல்பை ஆழ்ந்து ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன். கேம்பிரிட்ஜில் இருந்து அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, 1915ஆம் ஆண்டில் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அவ்வாராய்ச்சிக்காகவே 1916இல் அவருக்குப் பட்டமும் வழங்கப்பெற்றது. 6746328388800 வரையுள்ள 102 மிகுபகு எண்களை அதில் அவர் நிரைப்படுத்தினார். ஆயினும், அந்நிரையில் நிற்கவேண்டிய ஓரெண் விடுபட்டுப் போயிற்று. அது 293318625600, அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இவ்வெண்ணை முதன்மை எண்களாகப் பிரித்தால்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

என வரும். இதன் வகுத்தி ஒன்றை அமைக்கும்போது 2ஐ ஒருமுறையும் எடாமலோ, ஆறு முறை வரையிலோ எடுக்கலாம். ஆகவே ஏழு வழிகள் உண்டு. 3க்கு ஐந்து வழிகள். 5க்கும் 7க்கும் மும்மூன்று. எஞ்சிய நான்கிற்கும் இவ்விரண்டு. இவற்றைப் பெருக்க,

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

வகுத்திகள் கிடைக்கின்றன.

சுட்டிகள் 6, 4, 2, 2, 1 என ஏறாது செல்வதைக் காண்க. 2இன் சுட்டியிலும் 3இன் சுட்டி பெரிதாயின், அவ்விரண்டையும் இடம் மாற்றினால் வகுத்திகளின் தொகை மாறாது. எண் மட்டும் சிறுக்கும். எனவே அத்தகைய எண் மிகுபகு எண்ணாகாது. இவ்விதி ஆராயவேண்டிய எண்களைப் பெரிதுங் குறைத்துவிடுகின்றது.

மற்றொரு புதுமையும் உண்டு. 5040 வகுத்திகளையுடைய மிகச் சிறிய எண் இதுவே. 60 வகுத்திகளையுடைய மிகச் சிறிய எண் 5040. 12 வகுத்திகளையுடையது 60. ஆறு உடையது 12. நான்கு உடையது 6. மூன்று உடையது 4. இங்ஙனம் 3, 4, 6, 12, 60, 5040 எனத் தொடரும் சங்கிலியின் அடுத்த கண்ணியே விடுபட்ட இவ்வெண். இதனை 23ஆற் பெருக்கினால், இராமானுஜன் நிரையின் இறுதி எண் வருவதையும் மாணவர் செய்து பார்க்கலாம்.

கணிபொறியின் துணையின்றிக் கையாலே கணித்த பட்டியலில் ஒன்று விடுபட்டமையால் அம்மேதையின் பெருமை குன்றாது. ஆனால், கணிதத்தில் மேதையின் பெயரும் நிறுவலுக்கு ஈடாகாது என்பதை அவ்வோரெண் உணர்த்துகின்றது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இதனை வாசிக்கும் மாணவன், எம் கூற்றையும் அப்படியே நம்பிவிடாது, கடதாசியும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிச் சரிபார்ப்பானாக.