திறந்த கண்ணும் திறந்த செவியும்

சாந்தோக்ய உபநிஷதத்தின் நான்காம் அத்தியாயத்தில் சத்தியகாமன் என்னும் சிறுவனின் வரலாறு வருகிறது. தந்தையின் குலம் இன்னதென்று அறியாதவன் அவன். தாய் ஜபாலையின் பெயரையே தன் அடையாளமாகச் சொல்லிக்கொண்டு கௌதம முனிவரின் முன் போய் நின்றான். உண்மையை மறைக்காமல் சொன்ன அந்தப் பண்புக்காகவே முனிவர் அவனை மாணவனாக ஏற்றுக்கொண்டார். சொற்பொழிவுகளில் பெரும்பாலும் இந்த இடத்தோடு கதை நின்றுவிடுகிறது. கல்வியைப் பற்றி உபநிஷதம் சொல்ல வந்த செய்தியோ இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

உபநயனம் செய்வித்த பின் முனிவர் அவனுக்கு ஒரு மந்திரமும் விளக்கவில்லை. மெலிந்து வலுவிழந்த 400 பசுக்களைப் பிரித்துக் கொடுத்து, அவற்றின் பின்னே செல்லும்படி பணித்தார். அவை ஆயிரமாகப் பெருகாமல் திரும்புவதில்லை என்று உறுதி கூறிப் புறப்பட்டான் சத்தியகாமன். பல ஆண்டுகள் காட்டில் கழிந்தன. மந்தை ஆயிரத்தை எட்டியபோது ஒரு காளை அவனிடம் பேசிற்று. பிரம்மத்தின் ஒரு பாதத்தை, நான்கு திசைகளாக விளங்கும் பகுதியை, அது உபதேசித்தது. அடுத்தடுத்த மாலைப் பொழுதுகளில் அவன் மூட்டிய நெருப்பும், ஓர் அன்னமும், ஒரு நீர்ப்பறவையும் ஏனைய மூன்று பாதங்களைக் கற்பித்தன.

காளையினுள் வாயு தேவதை புகுந்து பேசியது என்று சங்கரர் தம் உரையில் விளக்குகிறார். அப்படியே கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அதே காட்டில் மாடு மேய்த்த பிறருக்கு அந்தக் குரல் ஏன் கேட்கவில்லை? படிக்க வந்தவனை இப்படி மேய்ச்சலுக்கு அனுப்பிவிட்டாரே என்ற மனக்கசப்போடு சத்தியகாமன் சென்றிருந்தால், காளை அவனுக்கு வெறும் காளையாகவே இருந்திருக்கும். கல்வி வேறு, கண்ணெதிரே உள்ள உலகம் வேறு என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை. பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் வரும் அவதூதர் தமக்கு 24 குருமார்கள் என்று சொல்லி, பூமியிலிருந்து சிலந்தி வரை பட்டியலிடுவதும் இதே மனநிலையால்தான்.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்தறிவது நல்லது. புதியது எதுவாயினும் எட்டிப் பார்க்கத் துடிப்பது குதூகலம். அறிந்துகொண்டே தீர வேண்டும் என்ற வேட்கை ஜிஜ்ஞாசை. முன்னது ஒரு பொருளைப் பார்த்த உடனே அடுத்ததற்குத் தாவும். பின்னது பார்த்த பொருளின் அருகிலேயே உட்கார்ந்துவிடும். பிரம்ம சூத்திரத்தின் முதல் சூத்திரமே ஜிஜ்ஞாசையை வைத்துத்தான் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை நூல்களுக்கு வெளியே, வாழ்க்கையிலேயே காட்டக்கூடிய ஒரு மலைநாடு கோயம்புத்தூருக்கு மேற்கே இருக்கிறது.

மண்ணை அறிந்தவர்

கோவையிலிருந்து தடாகம் வழியாக ஆனைகட்டியைக் கடந்தால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி தொடங்கும். அகளி, புதூர், சோளையூர் ஆகிய மூன்று பஞ்சாயத்துகள் அதில் அடங்கும். மேற்கே மழை ஓயாத காடு. கிழக்கே மழை மறைவில் கிடக்கும் வறண்ட சரிவு. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளுள் ஒன்றாகிய பவானி இந்த நிலத்தின் வழியாகவே தமிழகம் சேர்ந்து காவிரியில் கலக்கிறது. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய தொல்குடியினர் இங்கே வாழ்கின்றனர். அவர்கள் குடியிருப்புகளை 'ஊர்' என்றே அழைக்கிறார்கள். இருளர் மொழியைக் கேட்கும் தமிழர் பலருக்கு அது தம் பாட்டியின் பேச்சைப் போலக் காதில் விழும்.

ஒவ்வோர் ஊருக்கும் தலைவராக ஒரு மூப்பன் உண்டு. அவருக்குத் துணையாகக் குறுதலை. பொருள்களைக் காக்கப் பண்டாரி. இவர்களோடு நான்காவதாக ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் மண்ணுக்காரன். எந்தச் சரிவில் எந்த விதை பிடிக்கும், எப்போது விதைக்கலாம் என்பதை அறிந்து, விதைப்பைத் தொடங்கி வைப்பவர் அவரே. மண்ணை அறிந்திருப்பது அங்கே ஒரு பதவி! பட்டம் பெற்றவர்கள் நிறைந்த நகரங்களில்கூட ஓர் அறிவுக்கு இப்படிப்பட்ட மரியாதை கிடைப்பது அரிது.

அந்த அறிவு எத்தகையது? கேழ்வரகு, சாமை, துவரை, அவரை ஆகியவற்றை ஒரே நிலத்தில் கலந்து விதைப்பது அவர்களுடைய பழைய முறை. வெளியிலிருந்து வந்து பார்த்தவர்களுக்கு அது ஒழுங்கற்ற விதைப்பாகத் தோன்றியது. உண்மையில் அதனுள் நுட்பமான கணக்கு ஒன்று இருக்கிறது. தானியங்கள் முதலில் முற்றும். துவரை பல மாதம் நின்று பின்னர் பலன் தரும். ஆகவே ஒரே நிலம் நீண்ட காலத்துக்கு உணவளிக்கும். மழை ஒரு பயிரைக் கைவிட்டாலும் இன்னொன்று நிற்கும். பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்குகின்றன. இந்த விளக்கம் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதன் பயனோ மலைச்சரிவில் அதற்கு வெகு முன்பே கைவந்திருந்தது.

கடந்த நூற்றாண்டில் சமவெளியிலிருந்து மக்கள் பெருமளவில் குடியேறினர். பழங்குடியினரின் நிலம் கைமாறியது, காடு குறைந்தது, பழைய வேளாண்மையும் தளர்ந்தது. நியாய விலைக் கடையின் அரிசி கேழ்வரகின் இடத்தைப் பிடித்தது. மலைமக்களுக்குக் கற்பிக்க வந்தவர்கள் பலர். அவர்களிடம் கற்க வந்தவர்கள் மிகச் சிலர். 2013ஆம் ஆண்டு அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மார்களின் இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் முக்கியக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. வறுமை, மருத்துவ வசதிக் குறைவு, நிலமிழப்பு ஆகியவற்றோடு, பழைய உணவுப் பயிர்கள் மறைந்துபோனதையும் ஆய்ந்தவர்கள் பலர் சுட்டிக்காட்டினர். ஒரு கூட்டத்தாரின் அறிவைக் கேட்டறியாமலே தள்ளிவிடுவது வெறும் மரியாதைக் குறைவு என்றுதான் பொதுவாக எண்ணப்படுகிறது. அது தொட்டில்களைக்கூட வெறுமையாக்க வல்லது.

அதன் பின்னர் கேரள அரசு மேற்கொண்ட சிறுதானியத் திட்டத்தில் பழைய விதைகளைத் தேடித் திரட்டுவதும் ஒரு வேலையாயிற்று. 2022இல் அட்டப்பாடித் துவரையும், ஆட்டின் கொம்பு போல வளைந்திருக்கும் ஆட்டுக்கொம்பு அவரையும் புவிசார் குறியீடு பெற்றன. ஒரு தலைமுறை முன்பே கேட்டிருக்க வேண்டிய பாடம் அது.

பெயரில் ஒரு புதிர்

அட்டப்பாடியின் மேற்கு எல்லையில் இருப்பது அமைதிப் பள்ளத்தாக்கு எனப்படும் சைலண்ட் வேலி. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கின்றன. சில்வண்டின் இரைச்சல் அங்கே இல்லாததால் ஆங்கிலேயர் இட்ட பெயர் என்பது ஒன்று. பாண்டவர்களின் வனவாசத்தோடு இணைத்துச் சொல்லப்படும் சைரந்திரி வனம் என்னும் பெயரே ஆங்கிலேயர் நாவில் திரிந்தது என்பது இன்னொன்று. அங்கு வாழும் சிங்கவால் குரங்கின் அறிவியல் பெயரில் 'சைலினஸ்' என்ற சொல் இருப்பதால் வந்தது என்பது மூன்றாவது. முதல் விடையே புத்தகந்தோறும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வந்திருக்கிறது. இன்று அங்கே சென்று காது கொடுப்பவர்களுக்குச் சில்வண்டின் ஒலி கேட்கத்தான் செய்கிறது. எழுதப்பட்டதைப் படிப்பது கல்வியின் ஒரு பாதி மட்டுமே.

1970களில் அங்கே குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது நாட்டில் பெரிய விவாதம் மூண்டது. மின்சாரம் வேண்டும் என்றவர்களின் தேவையும் பொய்யன்று. மலபார் பகுதி அப்போது மின்பற்றாக்குறையில்தான் இருந்தது. விவாதத்தை வெறும் கூச்சலாக விட்டுவிடாமல் காத்தது நேரில் சென்று பார்த்தவர்களின் பொறுமை. குரங்குகளைப் பின்தொடர்ந்து எண்ணியவர்களும், செடிகொடிகளைக் கணக்கெடுத்தவர்களும் இருந்தார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்த தாவரவியலாளரும் பொறியாளரும் பொருளியலாளரும் ஒன்றாக அமர்ந்து 1979இல் ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டனர். ஒவ்வொருவரும் மற்றவரின் துறையை மாணவராக இருந்து கற்காமல் அப்படியோர் அறிக்கையை எழுத முடியாது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மஞ்சள் கழுத்துக் குருவி

அந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்று வாதாடியவர்களுள் ஒருவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. அவர் பெயரைத் தாங்கிய ஆய்வு மையம் 1990இல் ஆனைகட்டியில் தொடங்கப்பட்டது. இன்று அது இந்திய வனவுயிர் நிறுவனத்தின் அங்கமாக இயங்குகிறது.

1896இல் பிறந்து இளவயதிலேயே பெற்றோரை இழந்தவர் சாலிம் அலி. மும்பையில் மாமாவின் வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் பொம்மைத் துப்பாக்கியால் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. வழக்கமாகக் காணும் குருவிக்கு அது இல்லையே! மாமாவிடம் கேட்டார்; அவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்பதை மறைத்து ஏதாவதொரு விடையைச் சொல்லிவைக்காமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துச் சிறுவனை அனுப்பினார் அந்த மாமா. அவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். மில்லர்டு சிறுவனை அலட்சியப்படுத்தவில்லை. குருவியை இனங்கண்டு சொன்னதோடு, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை அறை அறையாகத் திறந்து காட்டினார். குதூகலமாகத் தொடங்கிய ஒன்று அன்று ஜிஜ்ஞாசையாக மாறியது.

பின்னாளில் முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால், அவர் விரும்பிய அரசுத்துறைப் பறவையியலாளர் பணி அவருக்குக் கிடைக்கவில்லை. 1929இல் ஜெர்மனிக்குச் சென்று பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரேசமானிடம் பயின்றார். அவரையே தம் குருவாகக் கொண்டாடினார். திரும்பி வந்தபோது வேலை ஏதுமில்லை. மும்பைக்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் குடியிருந்த அந்த நாட்களில், வீட்டருகே கூடு கட்டிக்கொண்டிருந்த தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனிக்கத் தொடங்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி முடித்து நிறுத்துகிறது. பெண்குருவி வந்து சோதித்துப் பார்க்கிறது. அது ஏற்றுக்கொண்ட பிறகே கூடு முழுமை பெறுகிறது. ஆணோ உடனே அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது. எத்தனையோ தலைமுறைகளாக மக்கள் கண்முன்னே நடந்துகொண்டிருந்த செயல்தான் இது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுக்க அவர் இந்தப் பக்கத்து மலைகளுக்கு வந்தார்.

பறவையிடம் கற்றவர் ஏன் பெர்லினுக்கும் போக வேண்டியிருந்தது? விடை சத்தியகாமனின் கதையிலேயே உண்டு. காட்டிலிருந்து திரும்பியவனின் முகப்பொலிவைக் கண்ட கௌதமர், யார் உனக்குக் கற்பித்தது என்று வினவினார். மனிதரல்லாதோர் என்று விடையளித்த அவன், ஆசிரியரின் வாயிலாகப் பெறும் வித்தையே சிறப்படையும் என்று கேள்விப்பட்டிருப்பதாகக் கூறி, அவரே உபதேசிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். உலகம் கற்பித்துவிட்டது, இனி ஆசிரியர் எதற்கு என்று அவன் எண்ணவில்லை. கௌதமரும் அதையே மீண்டும் கற்பித்தார். எதுவும் விடுபடவில்லை என்கிறது உபநிஷதம். திறந்த மனம் என்பது வாயிற்கதவை இரு பக்கமும் திறந்து வைப்பது. காட்டின் பக்கம் மட்டும் திறந்தவர்கள் தம் அனுபவத்தையே முடிவாகக் கொண்டுவிடுகிறார்கள். நூலின் பக்கம் மட்டும் திறந்தவர்களின் நிலை சில்வண்டுக் கதையில் சொல்லப்பட்டது.

மொட்டைக் குன்றும் ஒரு பாட்டும்

1980களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி என்னும் ஆசிரியத் தம்பதியர் அரசுப் பள்ளி வேலையை விட்டுவிட்டு, அகளிப் பகுதியில் 'சாரங்' என்ற பெயரில் மாற்றுக் கல்வி முயற்சி ஒன்றைத் தொடங்கினர். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் மரங்கள் அழிந்துபோன ஒரு குன்று. மழைநீரைத் தடுத்து நிறுத்துவதும், மண் அரிப்பைத் தடுப்பதும், மரம் வளர்ப்பதுமே அங்கே பாடங்களாயின. அவர்களுடைய மகனும் அங்கேயே வளர்ந்து கற்றார். பொருள் நெருக்கடியால் அந்த முயற்சி இடையில் தடைப்பட்டதும் உண்டு. இம்முறை எல்லாருக்கும் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. தேர்வும் சான்றிதழும் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கும் துணிவு பல பெற்றோருக்கு இராது. ஆனால் அந்தக் குன்று மீண்டும் பசுமையானதை யாரும் மறுப்பதற்கில்லை.

2022இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பெண்மணி நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது. ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர். பாட்டைத் தம் முன்னோரிடமிருந்து கேட்டே கற்றவர். 2020இல் வெளிவந்த 'ஐயப்பனும் கோஷியும்' என்னும் மலையாளப் படத்தில் அவர் தம் தாய்மொழியிலேயே பாடியிருந்தார். முறையாகச் சங்கீதம் பயிலாதவருக்கு இந்த விருது தகுமா என்ற கேள்வியைச் சிலர் எழுப்பினர். அவருக்குத் துணை நின்று பேசிய இசைவாணர்களும் பலர். பயிற்சியின் அருமையை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும், அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் பாட்டை ஒருமுறை பொருளறிந்து கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்தெந்த மரம் பூத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகும் அந்தப் பாட்டு, பூப்பறிக்கப் போகலாமா என்று கேட்ட அதே மூச்சில், ஆகாய விமானத்தைப் பார்க்கலாமா என்றும் கேட்கிறது.