பாய் விரிக்குமுன்

கடலோடுதலைப் பற்றித் தமிழ் இலக்கியம் பேசும் இடங்களில் நாம் பெரும்பாலும் கலத்தின் பெருமையையே காண்கிறோம். காற்றை ஏவல் கொண்டு நாவாய் ஓட்டியவன் வழிவந்தவன் என்று கரிகாலனைப் புறநானூற்று 66ஆம் பாடல் போற்றுகிறது. கரை மாடத்து விளக்கொளியைக் குறியாகக் கொண்டு கலம் செலுத்தும் 'நீகானை' அகநானூற்று 255ஆம் பாடல் காட்டுகிறது. நீகான் என்னும் அச்சொல் பிற்காலத்தில் வழக்கொழிந்தது. அதன் இடத்தில் 'மாலுமி' வந்தமர்ந்தது. அரபியில் ஆசான் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்பதே தமிழ்க் கரையில் மாலுமி ஆயிற்று. சுக்கானும் அரபுச் சொல்லே. நங்கூரம் பாரசீக வழியினது. கலம் செலுத்துபவனை 'ஆசான்' என அழைத்த வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. அவனிடம் எதிர்பார்க்கப்பட்டது தோள்வலியைவிட முன்னறிவே எனலாம். அம்முன்னறிவு பெரிதும் கரையிலேயே வேலை செய்கிறது என்பதை ஒரு சிறு பயணத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இருபதடி நீளமுள்ள ஒரு பாய் வள்ளத்தில் தூத்துக்குடியிலிருந்து கீழக்கரைக்குச் செல்வதாகக் கொள்வோம். இடைத்தொலைவு நேர்கோட்டில் ஏறத்தாழ 45 கடல் மைல்; திசை வடகிழக்கு. முதற்கேள்வி எந்த மாதம் என்பதே. பதினைந்தாம் நூற்றாண்டின் அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், 1490ஐ ஒட்டி எழுதிய தம் கடல்நூலில் பருவக்காற்றுக் காலங்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். பெருங்கலத்திற்கே அக்கணக்கு வேண்டியிருந்ததென்றால் சிறுவள்ளத்திற்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மன்னார் வளைகுடாவில் தென்மேற்குக் காற்று கடுமையாக வீசும். கடல் கொந்தளிப்பாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று நம் பாதைக்கு நேர் எதிரானது. புயலுக்கும் உரிய காலம் அது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இப்பருவத்தில் வந்ததே. ஆகவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையுள்ள இடைக்காலமே பொருத்தமானது. அக்காலத்தில் விடியலுக்கு முன் கரைக்காற்று வடமேற்கிலிருந்தும், பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்தும் வரும். நாம் வடகிழக்கே செல்வதால் இரண்டும் பக்கக் காற்றாக அமைகின்றன. பாய்க்கலத்திற்கு இதைவிட நல்ல கொடை வேறில்லை. ஆயினும் ஒரு காற்று ஓய்ந்து மற்றது எழும் இடைப்பொழுதில் பாய் சோர்ந்து தொங்கும். அந்நேரத்தில் வள்ளத்தை இழுத்துச் செல்வது நீவாடு என மீனவர் கூறும் நீரோட்டமே.

அடுத்து நேரக் கணக்கு. மணிக்கு 4 கடல் மைல் ஓடினால் பயணம் பதினொன்றேகால் மணி நேரம். 3 கடல் மைல் ஓடினால் 15 மணி நேரம். அதிகாலை 4 மணிக்குப் புறப்படுகிறோம் எனில் முதற்கணக்கின்படி பிற்பகல் மூன்றேகாலுக்குக் கீழக்கரை. இரண்டாம் கணக்கின்படி இரவு 7 மணி. ஒரேயொரு கடல் மைல் குறைந்ததற்கு விலை, இருட்டில் கரை தேடுதல். வழியில் ஏறத்தாழ 20 கடல் மைல் தொலைவில் வேம்பார் இருக்கிறது. ஆகையால் முற்பகல் 10 மணிக்குள் வேம்பாருக்கு நேராக வந்திராவிட்டால் அன்றைய பயணம் வேம்பாரோடு முடிகிறது என்று கரையிலேயே முடிவு செய்து தாளில் எழுதிவிட வேண்டும். எழுதுவது எதற்கு என மாணாக்கர் வினவலாம். பத்து மணிக்குக் கடல் அழகாக இருக்கும். 'இன்னும் சற்றுப் போய்ப் பார்ப்போமே' என்று மனம் சொல்லும். களைப்பும் வெயிலும் ஏறிய அந்த மனத்தை நம்புவதைவிட, முந்தைய மாலையில் தெளிந்திருந்த மனத்தின் எழுத்தை நம்புவது மேல். வேம்பாரைக் கடந்தபின் வாலிநோக்கம் விரிகுடா இன்னொரு புகலிடம்.

பாதையின் இடர் பார்களே. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள் என்பது நூல்களில் காணும் கணக்கு. அவற்றுள் விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருள் மூழ்கிவிட்டன. பழைய படத்தில் தீவைக் கண்டு கடலில் தீவைத் தேடுபவன் அதன் மேலேயே மோதக்கூடும். தீவுகளைச் சுற்றிலும் பவளப் பார்கள் உள்ளன. 1986இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதியாதலின் தீவுகளில் விருப்பம்போல் இறங்கவும் இயலாது. அவற்றைத் தங்குமிடப் பட்டியலில் சேர்க்கலாகாது. தீவு வரிசைக்கு வெளிப்புறமாகவே பாதையை வரைந்துகொள்வது நலம்.

கலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பாயின் தையல், பருமலைத் தாங்கும் கயிறு, சுக்கானின் கீல் ஆகியவற்றைப் பகல் ஒளியில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண் தவறவிடும் நைவை விரல் கண்டுபிடிக்கும். நங்கூரக் கயிறு நீராழத்தைப்போல் ஐந்து மடங்கேனும் வேண்டும்; மூன்று பாக ஆழத்திற்குப் பதினைந்து பாகம். காற்று மிகுந்தால் பாயைச் சுருக்கும் வேலையைக் கரையருகே அமைதியான நீரில் ஒருமுறை செய்து பழகியிருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று. அது உடலில் இருக்க வேண்டும், மூட்டையில் அன்று. குடிநீர் ஒரு நாள் பயணத்திற்கு இரண்டு நாள் அளவு.

கைப்பேசியும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் உள்ள இந்நாளிலும் பழைய அளவைகள் இரண்டை அறிந்துகொள்வது பயன் தரும். ஒரு மரத்துண்டை முன்னணியத்தருகே நீரிலிட்டு, அது பின்னணியத்தைக் கடக்கும் நேரத்தை எண்ணுக. இருபதடி வள்ளத்தை அது 3 நொடியில் கடந்தால் வேகம் ஏறத்தாழ 4 கடல் மைல்; 4 நொடி ஆனால் 3 கடல் மைல். மேலே கண்ட நேரக்கணக்கு முழுவதும் இந்த ஒரு நொடியில் அடங்கியிருப்பதை நோக்குக. மற்றொன்று, அடியில் குழிவுள்ள ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவது. கயிறு ஆழத்தைச் சொல்லும். குழிவில் அப்பிய மெழுகோ கொழுப்போ அடித்தரை மணலா சேறா என்பதைச் சொல்லும்.

புறப்படும் முந்தைய மாலையில் வானிலை அறிக்கையைக் கேட்க வேண்டும். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசும் என்றிருந்தால் மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தாலும் அவ்வாறே. விருந்தினர் காத்திருக்கிறார்கள், விடுப்பு முடிகிறது என்பன போன்ற காரணங்களே சிறுகலங்களைத் தகாத நாளில் கடலுக்குத் தள்ளுகின்றன. கீழக்கரையில் குறித்த நாளில் வந்து சேர்வதாக எவருக்கும் வாக்களிக்காதிருப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

இறுதியாக, எழுதிய தாளின் படி ஒன்றைக் கரையில் பொறுப்பான ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அதில் வள்ளத்தின் நிறம், பாயின் நிறம், செல்வோர் பெயர், புறப்படும் நேரம், வேம்பார் முடிவு ஆகியவை இருக்க வேண்டும். வேம்பாரில் தங்கினால் அன்று முற்பகலிலேயே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். மாலை ஆறு மணிக்குள் கீழக்கரையிலிருந்தும் வேம்பாரிலிருந்தும் செய்தி வராவிட்டால், அவர் மறுநாள் வரை காத்திராமல் கடலோரக் காவல்படையின் 1554 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் அத்தாளிலேயே எழுதிக் கொடுப்போம்.