ஒரு கரு போதாது

கதை எழுத வருகிறவர்கள் பலரும் கரு கிடைக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் நோட்டைத் திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாக இருக்கிறது: முதியோர் தனிமை, சாதி மீறிய காதல், செல்போன் மோகம், தண்ணீர்ப் பஞ்சம். எல்லாமே பட்டிமன்றத் தலைப்புகள். இதில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், இரண்டாம் பக்கத்திலேயே ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்குப் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடும்.

நோட்டில் ஏற வேண்டியது கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி மெஷினில் விரலை வைக்கிறார். ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். "கட்டை விரலை வச்சுப் பாருங்க பாட்டி" என்கிறார் பில் போடுகிறவர். பின்னால் யாரோ உச்சுக் கொட்டுகிறார்கள். பாட்டி தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல. இதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அடியில் 'தொழில்நுட்பமும் ஏழைகளும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இது கதையாகிவிட்டதா? இல்லை. நல்ல சம்பவம், அவ்வளவுதான். இதை மட்டும் நீட்டினால் பாட்டி வெறும் பையோடு வீடு திரும்புவார், வாசகர் ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். இதோடு உரச இன்னொன்று வேண்டும். அதுவும் வேறெங்கோ கிடைத்ததாக இருக்க வேண்டும்.

நம் பெரிய கதைகளைப் பிரித்துப் பார்த்தால் இந்த உரசல் தெரியும். புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைக்கு வரவழைத்துக் காபி ஹோட்டலில் உட்காரவைத்தார். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' புலியாட்டக்காரனைச் சினிமா ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. சுந்தர ராமசாமியின் 'விகாசம்' ஜவுளிக்கடையில் மனக்கணக்குப் போடும் பார்வையற்ற ராவுத்தரையும் கால்குலேட்டரையும் எதிரெதிரே வைக்கிறது. கி. ராஜநாராயணனின் 'கதவு' என்ன? குழந்தைகள் ஆடி விளையாடும் கதவு ஒரு பக்கம், கட்டாத தீர்வை மறுபக்கம். அவர்கள் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் எழுதினார்கள் என்று சொல்லவில்லை. படிக்கிற நமக்கு அது நல்ல பாடம்.

உங்கள் நோட்டின் வேறொரு பக்கத்துக்கு வாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் டீ குடிக்கும்போது போனைப் பார்க்கிறார். ஊரில் அம்மா ரேஷன் வாங்கியதாக மெசேஜ். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது வீட்டில் இவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். பொருள் வாங்கினால் பதிவான நம்பருக்குத் தகவல் போகும். சின்ன விஷயம். ஆனால் இந்த மகனும் அந்தப் பாட்டியும் பேச்சுவார்த்தை இல்லாத தாயும் பிள்ளையும் என்று வையுங்கள். மாதம் ஒருமுறை வரும் அந்த மெசேஜ்தான் அம்மா நன்றாக இருக்கிறாள் என்பதற்கு அவனுக்கு இருக்கும் ஒரே ஆதாரம்.

இப்போது காகிதத்தை எடுத்து, நல்லது கெட்டது பார்க்காமல், வருகிற வடிவங்களை எல்லாம் எழுதித் தள்ளுங்கள். முதலில் வருவது என்ன தெரியுமா? மெசேஜ் வரவில்லை, மகன் பதறி ஓடிவருகிறான், அம்மா செத்துக் கிடக்கிறாள். முதலில் வருவது பெரும்பாலும் சாவுதான். நாம் பார்த்த சினிமாவும் படித்த கதைகளும் கொண்டுவந்து போடுவது அது, அடித்துவிடலாம். அடுத்தது: ஓடிவந்தால் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், ரேகை விழாததுதான் காரணம். பரவாயில்லை. ஆனால் இதில் எல்லாவற்றையும் மெஷினே செய்துவிடுகிறது. மனிதர்கள் எதையும் தீர்மானிக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் மூன்றாவது வரும். பில் போடுகிறவர் பேச்சுவாக்கில், "உங்க பையனுக்குத்தான் மெசேஜ் போகும் பாட்டி" என்று சொல்லிவிடுகிறார். அடுத்த மாதம் பாட்டி கடைக்கே போகவில்லை.

என்னைக் கேட்டால் இதைத்தான் எடுப்பேன். ஒருத்தி வாய் திறக்காமல் ஒரு காரியம் செய்கிறாள். அதற்காக அவள் இழப்பது அந்த மாத அரிசியை. அவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. மாதம் முடிந்தால் அந்த மாதப் பங்கு போய்விடும் என்பதால் நெருக்கடியும் தானாக வந்துவிடுகிறது. மகன் வருவானா என்பது எனக்கே தெரியாது. எழுதுகிறவனுக்கே பதில் தெரியாத கேள்வி ஒன்று உள்ளே இருந்தால்தான் மூன்றாம் பக்கத்தில் கை சலிக்காது.

யார் பக்கத்திலிருந்து சொல்வது என்பதை உங்களுக்குப் பழக்கமான இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பனியன் கம்பெனிக்குள் போனதே இல்லை, ஓவர்லாக் அடிப்பவருக்கும் பிசிறு வெட்டுபவருக்கும் வித்தியாசம் தெரியாது என்றால், மகன் பக்கம் போகாதீர்கள். ரேஷன் கடையில் நாம் எல்லோரும் நின்றிருக்கிறோம்.

அளவையும் பார்க்க வேண்டும். ஜெயகாந்தன் 1966-ல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேச'த்தில் முன்பின் தெரியாதவனிடம் தன்னை இழந்து வரும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி விஷயத்தை வீட்டுக்குள்ளேயே முடித்துவிடுகிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். அந்தத் தாய் கூச்சல் போட்டு ஊருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே மாற்றி யோசித்ததில் பிறந்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு 1972-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு கதையில் ஒரே ஒரு முடிவை மாற்றினால் புதுக்கரு கிடைக்கும், நல்ல உத்திதான். ஆனால் அதன் விளைவைச் சொல்ல ஒரு பெண்ணின் பல வருட வாழ்க்கை தேவைப்பட்டது. அதனால்தான் அது நாவல் ஆயிற்று. உங்கள் கருவும் அப்படிப் பல வருடங்களைக் கேட்டால் தனி நோட்டில் போட்டுவையுங்கள். போட்டிக்கு அனுப்பக் கடைசித் தேதி நெருங்கும்போது அதைச் சுருக்கிச் சிறுகதை ஆக்கப் பார்க்காதீர்கள்.

பாட்டி கதை அவ்வளவு கேட்காது. தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன சண்டை என்பதை முதல் பத்தியில் விளக்க வேண்டாம், ஒரே வரியில் பின்னால் சொல்லிக்கொள்ளலாம். அவள் கடைக்குப் போகாத மாதத்தின் 25-ம் தேதி காலையில் தொடங்குங்கள், பக்கத்து வீட்டுக்காரி, "இன்னும் அரிசி வாங்கலியா?" என்று கேட்கட்டும்.