சுருள்பாசி, இரத்தக் கொழுப்பு, கல்லீரல்: விற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

தொட்டி கட்டி ஸ்பைருலினா எனும் சுருள்பாசி வளர்க்கிறவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். நானும் அதில் ஒருவன். பொடி வாங்க வர்றவங்க அதிகம் கேட்பது இரண்டு கேள்வி: இரத்தக் கொழுப்பு குறையுமா? ஈரலில் படிந்த கொழுப்பு கரையுமா? நம்ம பேச்சை நம்பி ஒருத்தர் மாத்திரையை நிறுத்திட்டா, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால ஆய்வுகள் சொல்றதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசணும்.

இரத்தக் கொழுப்பு

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. கொழுப்பு கூடியிருந்த 52 பேர் தினமும் 1 கிராம் வீதம் 12 வாரம் சுருள்பாசி சாப்பிட்டார்கள். டிரைகிளிசரைடு சுமார் 16 விழுக்காடும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். சுமார் 10 விழுக்காடும் குறைந்தன. வேறு சிறிய ஆய்வுகளிலும் கொழுப்பு குறைந்தது தெரிகிறது. எலிகளில் செய்த சோதனை ஒரு விளக்கம் தருகிறது: பாசியின் நீலநிறப் புரதமான பைகோசயனின், குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அதை ஈடுகட்ட, கல்லீரல் கொழுப்பை எடுத்துப் புதிதாகப் பித்தம் செய்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்க. எல்.டி.எல். 160 இருந்தால், 10 விழுக்காடு குறைந்து 144 ஆகும். மருத்துவர் தரும் ஸ்டாட்டின் மாத்திரை நடுத்தர அளவிலேயே 30 முதல் 50 விழுக்காடு குறைக்கும். அதே 160, 112 அல்லது அதற்கும் கீழே வரும். இதய இரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. மாத்திரைக்குப் பதில் பாசி என்று யாருக்கும் சொல்லாதீங்க.

கல்லீரல்

அதே தீவில், மதுவால் வராத கொழுப்பு ஈரல் உள்ள 15 பேர் தினமும் 6 கிராம் வீதம் 6 மாதம் சாப்பிட்டார்கள். ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற நொதிகள் இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. ஆனா ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், ஈரலில் படிந்த கொழுப்பு அப்படியே இருந்தது!

இன்னொன்றையும் கவனிக்கணும். அவர்களுடைய உடல் எடையும் சராசரியாக 8 விழுக்காடு இறங்கியிருந்தது. எடை குறைந்தாலே ஈரல் நொதிகள் குறையும். பாசி சாப்பிடாத ஒரு குழுவை ஒப்பிட வைக்காததால், எது பாசியின் வேலை, எது எடை குறைந்ததன் வேலை என்று பிரிக்க முடியாது. கொழுப்பு ஈரலுக்கு உறுதியான வழி எடையைக் குறைப்பதுதான்: 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். சர்க்கரை, மைதா, குளிர்பானத்தை விட்டு, தினமும் நடந்து, கூடவே பாசியும் சாப்பிட்டால் நல்லது. பாசி மட்டும் போதும் என்பது ஏமாற்று.

யார் தவிர்க்கணும்?

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே.

நம் தொட்டியின் பொறுப்பு

ஈரலுக்கு நல்லதுன்னு விற்கிற பொருளே ஈரலைக் கெடுக்கவும் கூடும். தொட்டியில் வேறு நீலப்பச்சைப் பாசிகள் புகுந்தால், சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சுரக்கும்; அது நேரே கல்லீரலைத் தாக்கும். அதனால்:

- நீரின் காரத்தன்மையை, அதாவது பி.எச். அளவை, 9.5க்குக் குறையாமல் வைங்க. அந்தக் காரத்தில் மற்ற பாசிகள் பெரும்பாலும் வளராது.
- குடிக்கத் தகுந்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்க. ஈயம், ஆர்செனிக் போன்றவை நீரில் இருந்தால் பாசி உறிஞ்சிக்கொள்ளும்.
- சாணம், கோமியம் வயலுக்கு அமுதம். இந்தத் தொட்டிக்கு வேண்டாம். அறுத்த பாசியை அப்படியே உலர்த்தித் தின்கிறோம், கிருமி கூடவே வரும்.
- அதிகச் சூட்டில் உலர்த்தினால் பைகோசயனின் கெடும். 60 டிகிரியைத் தாண்ட விடாதீங்க.
- உருவாக்கிய பொடியை நஞ்சு, கன உலோகம், கிருமி மூன்றுக்கும் ஆய்வகத்தில் சோதித்து, அறிக்கையைக் கேட்பவருக்குக் காட்டுங்க.

பொட்டலத்தில் "கொழுப்பு ஈரலைக் குணமாக்கும்" என்று அச்சடிக்கக் கூடாது. உணவுச் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. அறுவடை நாள், காலாவதி நாள், சாப்பிடும் அளவு, "மருந்தை நிறுத்த வேண்டாம்" என்ற ஒரு வரி: இவ்வளவு போதும்.