மாரியிலும் கோடையிலும் ஒரே வண்டி



இறக்காமம் குளக்கட்டில் விடியற்காலையில் சற்று நேரம் நின்றால் வயலுக்குப் போகிறவர்களைக் காணலாம். சிலர் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். சிலர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போகிறார்கள். இன்னும் சிலர் மண்வெட்டியைச் சட்டத்தில் கட்டி, சோற்றுப் பார்சலைக் ஹாண்டிலில் தொங்கவிட்டு, பழைய சைக்கிளை மிதித்துப் போகிறார்கள். இந்த இதழில் நாம் படிக்கப்போவது அந்தச் சைக்கிளைப் பற்றியே.

வீடு ஓரிடம், வயல் ஓரிடம்

1990 ஆம் ஆண்டின் வன்செயல்களும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையும் அம்பாறை மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. கிடைத்த காணியில் வீடு அமைந்தது. வயலோ பழைய வட்டையிலேயே இருக்கிறது. தண்ணீர் முறை வரும் வேளையில் வாய்க்கால் தலைப்பில் நிற்காதவருக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை. நான்கு நாள் வயலை எட்டிப் பார்க்காதவர், மாடு இறங்கியதையும் பூச்சி விழுந்ததையும் காலம் கடந்தே அறிகிறார். தூரம் என்பது இங்கே விளைச்சலைக் குறைக்கும் ஒரு காரணம்.

ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். வயல் 6 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிலோமீற்றர் நடப்பவருக்கு ஒரு வழிக்கு 72 நிமிடம் வேண்டும். மணிக்கு 12 கிலோமீற்றர் ஓடும் சைக்கிளுக்கு 30 நிமிடம் போதும். போய்வர 84 நிமிடம் மிச்சம். ஒரு போகத்தில் 80 நாள் வயலுக்குப் போனால் 112 மணித்தியாலம் மிஞ்சுகிறது. எட்டு மணித்தியால வேலைநாளாகக் கணக்கிட்டால் அது 14 நாள் உழைப்பு. இதற்கு ஒரு சொட்டு எரிபொருளும் செலவாகவில்லை.

நெருக்கடியில் கண்ட உண்மை

1990 களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் போவது தடைப்பட்டிருந்தபோது, அங்கே நோயாளியையும் விறகையும் மரக்கறியையும் சுமந்தது சைக்கிளே. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, எடுக்க முடிந்த பொருட்களைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டே போனார்கள். ஆழிப்பேரலைக்குப் பின், 2005 இல் தொடங்கப்பட்ட வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு, வேர்ல்ட் விஷனுடன் இணைந்து இலங்கையில் 24,000 க்கு மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது.

2022 ஐ நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 யூன் இறுதியில் 470 ரூபாவானது. பின்னர் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே முதலில் ஒதுக்கப்பட்டது. வரிசையில் நின்றவர்களின் வயல் காத்திருக்கவில்லை. கொட்டிலின் மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தவர்கள் வயலுக்குப் போனார்கள்.

ஏன் உருக்குச் சட்டம்?

கடைகளில் இப்போது அலுமினியச் சட்டம் கொண்ட பாரம் குறைந்த சைக்கிள்களும் உண்டு. அவை துருப்பிடிப்பதில்லை. ஆனால் அலுமினியச் சட்டம் வெடித்தால் ஊர்ப் பட்டறையில் ஒட்டிப் பழைய பலத்தைக் கொண்டுவருவது கடினம். உருக்கு அப்படியல்ல. வளைந்தால் நிமிர்த்தலாம், வெடித்தால் ஒட்டலாம். பாணந்துறை லுமாலாவாயினும் இந்திய வண்டியாயினும், 28 அங்குலச் சில்லுள்ள சாதாரண சைக்கிளுக்கு ரயர், ரியூப், செயின், குண்டு எல்லாம் சிறு சந்தியிலும் கிடைக்கும். உருக்கின் பகைவன் துரு ஒன்றே. அதை வெல்வது வாங்கும்போது அல்ல, ஒவ்வொரு மாரியிலும்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் நாம் சைக்கிள்கள் கொடுத்தோம். கூட்டம் வைத்தோம், படம் எடுத்தோம், திரும்பி வந்தோம். ஒரு பம்பையோ ஒரு ஸ்பனரையோ கொடுக்க எமக்குத் தோன்றவில்லை. அடுத்த மாரி கழிந்து போனபோது பல வண்டிகள் வேலியில் சாய்ந்து கிடந்தன. பிரீவீல் இறுகி, செயின் செம்மண் நிறமாகியிருந்தது. மூன்று பிள்ளைகளோடு தனியே வயல் செய்யும் ஒரு தாய், ரியூப்புக்கு ஒட்டுப் போடத் தெரியாததால் அந்தப் போகம் முழுவதும் நடந்தே போனதாகச் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல எம்மிடம் வார்த்தை இருக்கவில்லை. இந்தப் பாடம் அங்கேதான் தொடங்கியது.

மாரிக்கு முன் (புரட்டாதி, ஐப்பசி)

1. சீற்றைக் கம்பியோடு கழற்றி வண்டியைத் தலைகீழாக வையுங்கள். சட்டத்துக்குள் தேங்கிய தண்ணீர் வடியட்டும். காய்ந்தபின் உள்ளே சிறிது எண்ணெய் விட்டுச் சுற்றிவிடுங்கள். சீற்றுக் கம்பிக்குக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். உருக்குச் சட்டம் பெரும்பாலும் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது.
2. நிறம் போன இடங்களைத் தேய்த்துத் துருவை நீக்கி, பெயின்ற் பூசுங்கள்.
3. இரண்டு சில்லுகளையும் பெடல் அச்சையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் வையுங்கள். தேய்ந்த குண்டுகளோடு புதியவற்றைக் கலக்க வேண்டாம். ஒரு பக்கத்துக் குண்டுகள் முழுவதையும் ஒன்றாக மாற்றுங்கள்.
4. செயினில் ஊசிக்கு ஊசி 24 கண்ணிகளை அளந்தால் 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 12⅛ அங்குலமாக நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். தேய்ந்த செயின் பற்சில்லையும் தின்றுவிடும்.

மாரியில் (கார்த்திகை முதல் தை வரை)

1. நனைந்த உருக்கு றிம்மில் பிறேக் கட்டை வழுக்கும். வெயிலில் நிற்கும் தூரத்தில் மழையில் நிற்காது. முன்கூட்டியே மெதுவாகப் பிடித்து றிம்மின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பின்பு அழுத்திப் பிடியுங்கள்.
2. வயற் களி மட்காட்டுக்குள் இறுகிச் சில்லை நிறுத்தும். ஒரு குச்சியை வண்டியோடு வைத்திருங்கள். களி காயமுன் கழுவுங்கள்.
3. வாய்க்காலைக் கடக்கும்போது தண்ணீர் அச்சுக்கு மேல் ஏறுமானால் வண்டியைத் தூக்கிக் கடவுங்கள். அச்சு மூழ்கிவிட்டால் அந்த வாரமே திறந்து கிறீஸ் மாற்றுங்கள்.
4. மழையில் ஓடிய நாளில் மாலையிலேயே செயினைத் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி மெஷின் எண்ணெய் விடுங்கள். மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வழியும் எண்ணெயில் மணல் ஒட்டும்.
5. கல்முனை, நிந்தவூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று துருவை விரைவுபடுத்தும். அங்குள்ளவர்கள் வாரம் ஒருமுறையேனும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

கோடையில்

கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில், கரையிலிருந்து வயலுக்குப் போகும் காலைப் பயணம் எதிர்க்காற்றாக இருக்கும். நேரத்தோடு புறப்படுங்கள். வண்டியை வெயிலில் போட வேண்டாம். ரயர் வெடிப்புக் கொள்ளும். கிறவல் வீதியில் காற்றுக் குறைந்த ரயரோடு பாரம் ஏற்றினால் றிம் ரியூப்பை வெட்டும்.

எல்லையும் அறிவோம்

ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. அதைக் கரியரில் கட்டி ஓடலாம். பெரிய மூட்டையைத் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. அறுவடை முழுவதையும் கொண்டுவர உழவு இயந்திரம் வேண்டும். நோயாளிக்கு வேறு வாகனம் வேண்டும். யானை நடமாடும் பாதையில் இருட்டில் தனியே போக வேண்டாம். விளக்கோடும் துணையோடும் போங்கள்.

சைக்கிள் ஆண்களுக்கு மட்டும் உரியதுமல்ல. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990 களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் பழக்கியது. ஆயிரக்கணக்கானோர் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளை விற்கவும் அவர்கள் எவரையும் எதிர்பார்க்கவில்லை. எமது ஊர்களில் தனியே வயல் செய்யும் தாய்மாருக்கு இது இன்னும் அவசியம். ஓட்டப் பழகுவதோடு ஒட்டுப் போடவும் பழக வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் ஓடாமல் கிடக்கும் சைக்கிள்கள் எத்தனை? ஒவ்வொன்றும் எதனால் நின்றது?
2. எமது வீட்டிலிருந்து வயல் எவ்வளவு தூரம்? மேலே செய்த கணக்கை எமது தூரத்துக்குச் செய்து பார்ப்போம்.
3. பத்துக் குடும்பங்களுக்கு ஒரு பம்பு, ஒரு ஸ்பனர் கூட்டம், ஒட்டுப் போடும் சாமான் என்று பொதுவில் வாங்க என்ன செலவாகும்? அவை யார் வீட்டில் இருக்கும்?
4. எமக்குள் சைக்கிள் திருத்தத் தெரிந்தவர் யார்? ஐப்பசி முடியுமுன் ஒரு நாள் அவரிடம் கற்க எப்போது கூடுவோம்?

நான்காம் கேள்விக்கு ஒரு திகதியைக் குறித்துக்கொண்டு கூட்டத்தை முடியுங்கள்.