பட்டாணி முளைக்கும், காய்க்குமா?

பட்டாணி என்றதும் நம்மவர்க்குக் கச்சாங் பூத்தே பொட்டலமும் குருமாவும் நினைவுக்கு வரும். உயிரியல் படித்தவர்களுக்கு மெண்டலும் நினைவுக்கு வரலாம். அந்த விதையை நம் நாட்டு மண்ணில் ஊன்றினால் என்ன நிகழ்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம். காய் கிடைக்குமா என்று நண்பர்கள் பலமுறை கேட்டதுண்டு. அதற்கான விடையும் இதில் உண்டு.

முதலில் விதை. மளிகைக் கடையில் தோலோடு விற்கப்படும் முழுப் பட்டாணி பெரும்பாலும் முளைக்கும். உடைத்த பட்டாணி முளைக்காது. உடைக்கும்போதே முளைக்கரு சிதைந்துவிடுகிறது. உறைய வைத்த பட்டாணியும் முளைக்காது, ஏனெனில் அதை முன்னதாகவே வெந்நீரில் அமிழ்த்தி எடுத்திருப்பார்கள்.

விதையின் உருவத்தையும் கவனிக்க வேண்டும். சில உருண்டையாக வழவழப்பாக இருக்கும், சில சுருங்கியிருக்கும். மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டாம் தலைமுறையின் 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை என்று கணக்குக் காட்டினார். நாம் அதை 3:1 என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். பயிரிடுபவருக்கோ அதில் வேறு செய்தி இருக்கிறது. சுருங்கிய விதையில் மாவுச்சத்தைக் கிளைக்கச் செய்யும் நொதி ஒன்று சரிவர உருவாவதில்லை. இது 1990இல் கண்டறியப்பட்டது. அதனால் அவ்விதையில் சர்க்கரை மிகுந்து நீரும் அதிகம் சேர்கிறது. காயும்போது தோல் சுருங்கிவிடுகிறது. சுவை அதில்தான். ஆனால் ஈரமண்ணில் விரைவில் அழுகுவதும் அதுவே. நம் மழைக்கு உருண்டை விதைதான் தாங்கும்.

விதையை ஓர் இரவு ஊறவைத்து, நீர் தேங்காத தொட்டியில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழத்தில், 5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றலாம். ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். பச்சைப் பயற்றைப் போல் இதன் விதையிலைகள் மேலே வருவதில்லை, மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இதைத் தரைக்கீழ் முளைத்தல் என்பர். (2003ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அக்காலத்தில் படித்தவர்களுக்கு இச்சொல் புதிதாக இருக்கலாம்.) சேமிப்பு மண்ணுக்குள் இருப்பதால், நுனியைக் கிள்ளினாலும் கீழ்க்கணுவிலிருந்து செடி மீண்டும் தளிர்க்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயற்றங்காய்க் கொடி தண்டாலேயே கம்பைச் சுற்றி ஏறும். பட்டாணிக்கு இலைநுனியில் பற்றுக்கம்பிகள் உண்டு. அவை தடித்த கழியைப் பற்றமாட்டா. மெல்லிய கயிறோ குச்சியோ போதும்.

இனி வெயில். பட்டாணிக்கு 13 முதல் 18 பாகை செல்சியஸ் வரையிலான குளுமை உகந்தது. நம் சமவெளியில் பகல் 32 பாகையைத் தொடுகிறது, இரவிலும் வெப்பம் பெரிதாகத் தணிவதில்லை. அந்த வெப்பத்தில் மகரந்தம் வலுவிழந்து பூவும் பிஞ்சும் உதிர்கின்றன. நான் மாடித்தொட்டியில் வளர்த்த செடிகள் ஒன்றரை மாதத்தில் பூத்தன. கிடைத்த காய்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். உரத்தைக் கூட்டினாலும் பயனில்லை, தழைதான் பெருகும். காய் வேண்டுமானால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலை போன்ற இடம் வேண்டும்.

சமவெளியில் இருப்பவர்கள் தளிருக்காக வளர்க்கலாம் என்பது என் கருத்து. சீன உணவகங்களில் பூண்டோடு வதக்கித் தரும் 'தௌ மியாவ்' இந்தத் தளிர்தான். விலையும் சற்று அதிகம். இதற்கு விதையை நெருக்கமாகத் தூவலாம். சாயம் பூசிய விதை மட்டும் வேண்டாம், அதில் பூஞ்சைக்கொல்லி மருந்து இருக்கக்கூடும். மூன்றாம் வாரத்தில் செடி ஒரு சாண் உயரம் வந்ததும், அடியில் இரண்டு கணுக்களை விட்டு அறுத்தால் மீண்டும் தளிர்க்கும். இரண்டு மூன்று அறுப்புக்குப் பின் தண்டு நாராகிவிடும். அப்போது பிடுங்காமல் தரையோடு வெட்டிவிட்டு, வேர்முடிச்சுகளை மண்ணிலேயே மட்கவிட்டு, அதே தொட்டியில் கீரை விதைக்கலாம்.