மேசையில் ஒரு பேர், அடியில் ஒரே ஆள்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். போனில் போக்கர் பழக வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "பெரியப்பா, என்ன பேர் வெச்சுக்கலாம்?" என்பதுதான். நம் ஊர்ப் பட்டாசுப் பெட்டியின் மேல் எந்தப் படமும் இருக்கலாம். ஆனால் தயாரித்தவர் பெயரும் ஊரும் அதில் அச்சாகியிருக்க வேண்டும். பட்டப்பெயருக்கும் அதே ஒழுங்குதான்: மேலே எந்தப் பேரும் இருக்கலாம், ஆனால் கணக்குக்குப் பின்னால் பொறுப்போடு நிற்கும் ஆள் நீயாகவே இருக்க வேண்டும்.

1. காசு வைத்து ஆடாதே. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. போக்கரும் ரம்மியும் அதில் அடக்கம். அந்த நாட்களிலேயே பெரிய செயலிகள் காசு மேசைகளை மூடிவிட்டன. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். "வெளிநாட்டுச் செயலி, பட்டப்பெயரில்தானே ஆடுகிறோம், யாருக்குத் தெரியும்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதே. ஏமாந்தால் நியாயம் கேட்க அங்கே ஆள் கிடையாது. நான் கற்றுக்கொடுப்பது விளையாட்டுச் சில்லுக்கு ஆடும் போக்கர் மட்டும்.

2. உன் பெயரை இன்னொருவனுக்கு வாடகைக்கு விடாதே. பிள்ளைகள் நிஜமாகவே மாட்டிக்கொள்வது இதில்தான். "பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றும் கொடு, மாசம் இவ்வளவு தருகிறேன்" என்று பழகியவனே வந்து கேட்பான். அவன் முகமும் பெயரும் எங்கும் பதிவாகாது. சூதாட்டப் பணமும் மோசடிப் பணமும் உன் கணக்கு வழியாகப் போகும். கணக்கு முடங்கும் நாளில் போலீஸ் வந்து நிற்பது உன் வீட்டு வாசலில். தீபாவளிக்கு முன்பு போனஸ் விழுகிற கணக்கு அது, உன் அம்மா மருந்துக்கு எடுக்கிற கணக்கு அது. சிநேகிதனாக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடு. சங்கடப்பட்டால் என் பேரைச் சொல், நான் திட்டினேன் என்று சொல்.

3. பெயரில் உன் அடையாளம் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. ஊர், பிறந்த வருஷம், இனிஷியல், சாதி, அப்பா கடைப் பேர், வேலை பார்க்கும் பட்டாசு ஆலையின் பேர், எதுவும் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் வைத்திருக்கிற பேரை இங்கே வைக்காதே. ஒரே பேர் இரண்டு இடத்தில் இருந்தால், தேடுகிறவனுக்கு உன் போட்டோவும் தங்கச்சி கல்லூரியும் ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிடும். பெண் பிள்ளைகள் இதில் இரட்டைக் கவனமாக இருங்கள். ஆண் பேரா பெண் பேரா என்று தெரியாத பேராகவே வையுங்கள். அரட்டையில் வந்து தொல்லை கொடுக்கிறவர்கள் பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

4. ஒரு ஆளுக்கு ஒரே பேர். இரண்டு கணக்கு திறந்து ஒரே மேசையில் உட்காருவது களவு. சில்லுக்கு ஆடினாலும் களவுதான். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அல்டிமேட் பெட் என்ற இணையப் போக்கர் தளத்தின் கதை இருக்கிறது. ரஸ் ஹாமில்டன் 1994-இல் உலகப் போக்கர் பட்டம் வென்றவர். அந்தத் தளத்தோடு தொடர்புள்ளவர். பல பெயர்களுக்குப் பின்னால் இருந்துகொண்டு, எதிராளிகளின் மூடிய சீட்டைப் பார்த்தே ஆடினார் என்று 2008-இல் கனடாவின் கானவாகே சூதாட்ட ஆணையம் முடிவு சொன்னது. ஏமாந்தவர்களுக்கு அந்தத் தளம் 2 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கண்டுபிடிக்க வழி காட்டியவர்கள் சாதாரண ஆட்டக்காரர்கள். 'நியோநியோ' என்ற பெயரில் ஆடியவர் எந்தக் கணக்குக்கும் அடங்காமல் ஜெயிக்கிறாரே என்று ஆட்டப் பதிவுகளை உட்கார்ந்து அலசினார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் அவர்கள் மேல் மரியாதை வரும்.

5. எதிராளியின் பேரைப் பார்த்து மயங்காதே. 'பாட்டி' என்று பேர் வைத்தவர் பாட்டி இல்லை. 2009-இல் 'இசில்டர்1' என்று ஒரு பேர் திடீரென்று வந்து, உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் வம்புக்கு இழுத்தது. பாட்ரிக் அன்டோனியஸ் என்ற பெரிய ஆட்டக்காரரிடம் ஒரே கையில், அதாவது ஒரு முறை சீட்டுப் போட்ட ஆட்டத்தில், 13 லட்சம் டாலருக்கு மேல் இருந்த பானையை விட்டது. அது விக்டர் பிளோம் என்ற சுவீடன் இளைஞர் என்பது 2011 ஜனவரியில்தான் வெளியே வந்தது. அதுவரை எதிரில் உட்கார்ந்தவர்கள் எதை வைத்து ஆடினார்கள்? அவர் எத்தனை கைக்கு உள்ளே வருகிறார், எப்போது ஏற்றுகிறார், எப்போது போட்டுவிட்டு விலகுகிறார் என்பதை வைத்துத்தான். நீயும் ஒரு நோட்டில் எழுதிப் பழகு.

6. பேர் தெரியாது என்பதால் அரட்டையில் வசை பேசாதே. நேரில் சொல்லத் தயங்குவதை அங்கேயும் சொல்லாதே.

7. வீட்டில் ஒருவருக்காவது உன் பட்டப்பெயர் தெரிந்திருக்கட்டும். அண்ணனோ, மதினியோ, கட்டிய மனைவியோ. சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிய ராத்திரியில் நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு, கேட்டால் கோபப்படாதே. ஏற்கெனவே காசு விட்டிருந்தால் பட்டப்பெயருக்குப் பின்னால் ஒளியாதே. மோசடி என்றால் உடனே 1930-க்குப் போன் செய்; மனசு தாங்கவில்லை என்றால் 14416. இரண்டும் அரசு எண்கள். கூப்பிடப் பயமாக இருந்தால் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வா, பக்கத்தில் உட்கார்ந்து நானே பேசுகிறேன்.